சித்தூர் எல்லையில் ஒரு காய்ச்சல், அதைச் சுற்றி எத்தனை துறைகள்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடி மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூக்காவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. ரேஷன் கார்டு கேரளாவுடையது, வீட்டில் பேசுவது தமிழ். உடம்புக்கு முடியவில்லை என்றால் பாதிப் பேர் மேற்கே சித்தூர் தாலூக்கா ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், மீதிப் பேர் கிழக்கே பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறுவார்கள். அம்மாவை நாங்கள் கிழக்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. ஐந்து நாள் படுத்திருந்து, தட்டணு எண்ணிக்கை ஏறியபிறகு வீட்டுக்கு வந்தார்.

மூன்று வாரம் கழித்து எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் காய்ச்சல். எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனுக்கு நிலைமை மோசமாகி, பெரிய ஆஸ்பத்திரிவரை தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் எங்கள் பஞ்சாயத்தின் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். கூட, வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவும் இருந்தார். வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு எப்போ வந்தது?" என்றார். தேதியைச் சொன்னேன். நோட்டில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அன்னைக்கே எங்களுக்கு ஒரு தகவல் வந்திருந்தா, அந்த வாரமே இந்தத் தெருவ முடிச்சிருப்போம்" என்றார்.

அவர் சொன்னதில் எவ்வளவு இருக்கிறது என்பது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வெகுதூரம் பறக்காது, சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே ஒரு வீட்டில் நோய் தெரிந்தால், அந்த வீட்டைச் சுற்றி உள்ள தொட்டி, டிரம், டயர், சிரட்டை எல்லாவற்றையும் அந்த வாரத்திலேயே கவிழ்த்துவிட்டால் அடுத்த வீட்டுக்கு நோய் போகும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். மூன்று வாரம் தாமதித்தால் புதுத் தலைமுறைக் கொசு பிறந்துவிடும். கேரளத்தில் வெள்ளிக்கிழமை பள்ளிகளிலும், சனிக்கிழமை அலுவலகங்களிலும், ஞாயிற்றுக்கிழமை வீடுகளிலும் 'டிரை டே' என்று தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்வதற்கும் இந்த ஒரு வாரக் கணக்குதான் காரணம்.

தகவல் போவதற்கு வழி இல்லாமல் இல்லை. 2004இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது. களப் பணியாளர் அறிகுறியை வைத்து நிரப்புவது எஸ் படிவம், டாக்டர் சந்தேகத்தின் பேரில் நிரப்புவது பி படிவம், பரிசோதனைக் கூடம் உறுதி செய்து நிரப்புவது எல் படிவம். இப்போது இவை காகிதத்தை விட்டு இணையத் தளத்துக்குப் போய்விட்டன. டெங்கு கட்டாயம் தகவல் தர வேண்டிய நோய். ஆனால் அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரி தகவல் கொடுத்திருந்தாலும் அது முதலில் அந்த மாவட்டத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து யாராவது முகவரியைப் பார்த்து, இது கேரளம் என்று கண்டு, பாலக்காட்டு மாவட்ட மருத்துவ அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அங்கிருந்து எங்கள் குடும்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். இத்தனை கைமாற்றத்தில் ஏதோ ஒரு கை நீளவில்லை. யாருடைய கை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் நான் இந்த விஷயத்தைப் படிக்கவும் கேட்கவும் ஆரம்பித்தேன். பொது சுகாதாரம் என்றால் சுகாதாரத் துறை என்றுதான் நினைத்திருந்தேன். சுகாதாரத் துறை பெரும்பாலும் நோய் வந்தபிறகு வந்து சேரும் துறை என்று இப்போது தோன்றுகிறது. நோய் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும் அலுவலகங்கள் வேறு எங்கெங்கோ இருக்கின்றன. அவற்றின் பெயர்ப் பலகையில் சுகாதாரம் என்ற சொல்லே இருக்காது.

எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்த் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வீடு டிரம்மைத் திறந்து பார்த்தார், புழு இருந்தது. கவிழ்க்கச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "தம்பி, கவுத்துட்டா நாளைக்குக் குடிக்க என்ன பண்றது?" என்று கேட்டார். ஹெல்த் இன்ஸ்பெக்டரிடம் பதில் இல்லை. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரம் இது. மேற்கே கொட்டும் மழையில் சிறு பங்குதான் இங்கே வரும். வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை பக்கமெல்லாம் கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து இருக்கும் ஊர்கள். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிய பகுதி என்று வகைப்படுத்தப்பட்டது சித்தூர் பிளாக். குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊரில் மக்கள் பிடித்துத்தான் வைப்பார்கள். பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் ஏடிஸ் முட்டையிடும்.

இந்தத் தண்ணீர் யார் கையில் இருக்கிறது? குழாய் வாட்டர் அதாரிட்டியுடையது. சித்தூர்ப் புழை என்ற எங்கள் ஆற்றுக்கு வரும் நீர் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி மணக்கடவு அணைக்கட்டு வழியாக வருகிறது. வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது 1970இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் கணக்கு. எந்த மாதம் எவ்வளவு என்று இரண்டு மாநிலப் பொறியாளர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போனால் வாய்க்கால் காயும், கிணறு இறங்கும், டிரம் கூடும். நீர்ப்பாசனத் துறையின் கோப்பில் யாரும் டெங்கு என்று எழுத மாட்டார்கள். எங்கள் ஊர் டெங்குவின் ஒரு வேர் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது என்பேன். கிழக்கே இருப்பவர்களுக்கும் இதே கதைதான். கோயம்புத்தூர் மக்கள் குடிக்கும் சிறுவாணி அணை பாலக்காடு மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கிறது. அந்த நகரத்தின் வயிற்றுக்குக் கேரள வனத்துறையும் நீர்ப்பாசனத் துறையும் காவல்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொது சுகாதாரமும் துப்புரவும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. பொதுப்பட்டியலில் 29ஆவது இனமாக இன்னொன்று இருக்கிறது: மனிதர், விலங்கு, பயிர் ஆகியவற்றின் தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பரவாமல் தடுப்பது. எழுதியவர்கள் மனிதனையும் மாட்டையும் பயிரையும் ஒரே வரியில் வைத்தார்கள். எல்லை ஓரத்தில் வாழ்பவர்களுக்கு அந்த வரி எவ்வளவு பொருத்தம் என்பது பால் வண்டியும் கோழி வண்டியும் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் தெரியும்.

எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பழைய கோடும் இருந்தது. பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது, சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956இல் கேரளம் உருவானபிறகும் மலபாருக்கு 1939ஆம் வருட மதராஸ் பொது சுகாதாரச் சட்டமும், தெற்கே 1955ஆம் வருட திருவிதாங்கூர்-கொச்சி பொது சுகாதாரச் சட்டமும் தொடர்ந்தன. இரண்டையும் எடுத்துவிட்டு மாநிலம் முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது 2023இல்தான். அந்த 1939 சட்டம்தான் தமிழ்நாட்டில் இன்றும் அடிப்படை. ஆக, எல்லைச் சாவடி இருக்கும் வாளையாற்றுக்கு இரு பக்கமும் வெகுகாலம் ஒரே சட்டப் புத்தகத்தை வைத்துத்தான் வேலை நடந்திருக்கிறது.

ஆனால் அலுவலக அமைப்பு இரண்டு பக்கமும் வேறு வேறு. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகம் இருக்கிறது. நூறு வருடப் பழக்கம் அது. நோய்த் தடுப்புக்கென்று தனி அதிகாரிகள், தனிப் பதவி வரிசை. ஆரம்ப சுகாதார நிலையம் அந்த இயக்குநரகத்தின் கீழ் வரும். கேரளத்தில் சிகிச்சையும் தடுப்பும் ஒரே இயக்குநரகத்தில் இருக்கின்றன. அதிகாரத்தையும் பணத்தையும் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக்கொடுக்க 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்துக்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கப்பட்டன. மருந்து வாங்க, கூடுதல் டாக்டரை நியமிக்க, கட்டடம் கட்ட பஞ்சாயத்து பணம் போடலாம். ஒவ்வொரு வார்டிலும் சுகாதாரக் குழு உண்டு. அதன் பணம் தேசிய சுகாதார இயக்கம், மாநிலத் துப்புரவு அமைப்பான சுசித்வ மிஷன், பஞ்சாயத்து என்று மூன்று இடத்திலிருந்து வரும். குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் ஹரித கர்ம சேனை மாதம் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு வீட்டு வாசலில் பிளாஸ்டிக்கை எடுத்துப்போகும்.

எது மேல் என்று கேட்டால், எனக்கு இரண்டிலும் மதிப்பு உண்டு. தமிழ்நாட்டுக் கட்டமைப்பில் மேலிருந்து ஓர் உத்தரவு வந்தால் மறுநாள் மாநிலம் முழுக்க ஆள் இறங்கும். கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவர் அக்கறையுள்ளவர் என்றால் எந்த உத்தரவுக்கும் காத்திருக்காமல் வேலை நடக்கும், அக்கறை இல்லாதவர் என்றால் நடக்காது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுகாதார ஆய்வாளர் எங்கள் பக்கம் யாருக்குப் போன் செய்வது என்று தெரியாமல் நிற்கும்போது. பஞ்சாயத்துச் செயலாளருக்கா, டாக்டருக்கா, மாவட்ட அலுவலகத்துக்கா?

பால் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கேரளம் குடிக்கும் பாலில் கணிசமான பகுதி தமிழ்நாட்டிலிருந்து டேங்கரில் வருகிறது. ஓணம் வந்தால் இன்னும் கூடும். அதற்காக மீனாட்சிபுரத்திலும், செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவிலும், களியக்காவிளையைத் தாண்டிய பாறசாலையிலும் கேரளப் பால்வளத் துறை பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறது. டேங்கரை நிறுத்தி, பால் எடுத்து, கொழுப்பு எவ்வளவு, யூரியா கலந்திருக்கிறதா, மாவு கலந்திருக்கிறதா, கெடாமல் இருக்க ரசாயனம் ஊற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மீனாட்சிபுரம் வழியாகப் போகும்போது வரிசையாக நிற்கும் டேங்கர்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

2023 ஜனவரியில் ஆரியங்காவில் 15,300 லிட்டர் பாலுடன் வந்த ஒரு டேங்கரைப் பிடித்தார்கள். பால்வளத் துறையின் சோதனையில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது என்று வந்தது. பால் சீக்கிரம் புளிக்காமல் இருக்கக் கலக்கும் ரசாயனம் அது. ஆனால் வழக்குப் போடும் அதிகாரம் பால்வளத் துறைக்குக் கிடையாது. 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின்படி அது உணவுப் பாதுகாப்புத் துறையின் வேலை. அவர்களுடைய அதிகாரி வந்து, சட்டப்படி மாதிரி எடுத்து, நான்கு பங்காகப் பிரித்து, முத்திரை வைத்து, தங்கள் கூடத்துக்கு அனுப்பினால்தான் அது கோர்ட்டில் நிற்கும். அவர்கள் எடுத்த மாதிரியில் ஹைட்ரஜன் பெராக்சைடு இல்லை என்று முடிவு வந்தது.

ஒரே பால், ஒரே மாநிலத்தின் இரண்டு துறைகள், இரண்டு முடிவு. பால்வளத் துறை அமைச்சர் ஜே. சிஞ்சுராணி, மாதிரி எடுக்கத் தாமதமானதுதான் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார். ரசாயனப்படி அப்படி நடக்கக்கூடியதுதான். ஹைட்ரஜன் பெராக்சைடு பாலில் அப்படியே இருக்காது, நேரம் போகப் போகத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். அந்தப் பாலில் உண்மையில் என்ன இருந்தது என்பதைவிட எனக்குக் கவலை தருவது அந்தச் சில மணி நேரம். சோதிக்கும் திறமை ஒரு துறையிடம் இருக்கிறது, தண்டிக்கும் அதிகாரம் இன்னொரு துறையிடம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்றால்தான் குழந்தையின் பால் டம்ளருக்குப் பாதுகாப்பு. கலப்படக்காரனுக்கும் நேர்மையான பால்காரருக்கும் அப்போதுதான் வித்தியாசம் தெரியும். குற்றம் சாட்டப்பட்ட வியாபாரி உண்மையிலேயே தப்புச் செய்யாதவராக இருந்தாலும் இந்தக் குழப்பத்தால் அவருக்கும் அநியாயம்தான்.

செக்போஸ்ட் என்று சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வாளையாற்றில் மைல் கணக்கில் லாரிகளை நிறுத்திய வணிகவரிச் சோதனைச் சாவடி போய்விட்டது. வரிக்கான காவல் போனபிறகு எல்லையில் மிஞ்சியவற்றில் பல உடம்பு சம்பந்தப்பட்டவை: பால், கால்நடை, மதுவைக் கண்காணிக்கும் எக்சைஸ். 2021 ஜனவரியில் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் பறவைக் காய்ச்சல் வந்தபோது, தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையினர் வாளையாறு, ஆனைகட்டி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம் என்று எல்லாச் சாவடியிலும் நின்று வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடித்தார்கள். நாமக்கல் கோழிப் பண்ணைகளைக் காப்பதற்கு அது. கேரளத்தில் முட்டை சாப்பிடுபவர்களுக்கும் சேர்த்துத்தான், ஏனென்றால் அந்த முட்டை நாமக்கல்லிலிருந்துதான் வருகிறது.

வௌவாலிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நிபா வைரஸ் காய்ச்சலில் இது இன்னும் நன்றாகத் தெரிந்தது. 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 பேர் இறந்தார்கள். பேராம்பிரா தாலூக்கா ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி அவர்களில் ஒருவர். ஆஸ்பத்திரிகளில் அவ்வளவு போராட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கால்நடைத் துறை வௌவால் பிடிக்கப் போனது. முதலில் பிடித்தவை பூச்சி தின்னும் வௌவால்கள், அவற்றில் ஒன்றும் இல்லை. பழந்தின்னி வௌவால்களைப் பிடித்துச் சோதித்தபிறகுதான் வைரஸின் தடம் கிடைத்தது. அதே நாட்களில் வளைகுடா நாடுகள் கேரளப் பழம், காய்கறிக்குத் தடை போட, விவசாயத் துறையும் இதற்குள் வந்துவிட்டது. 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்திலேயே நிபா உறுதியானபோது எல்லைச் சாவடிகளில் தமிழ்நாட்டுச் சுகாதாரப் பணியாளர்கள் மறுபடியும் வெப்பமானியோடு நின்றார்கள். காய்ச்சல் பார்ப்பது ஓரளவுக்குத்தான் உதவும். உடம்புக்குள் இருந்தும் இன்னும் காய்ச்சல் காட்டாத நோயை அந்தக் கருவி கண்டுபிடிக்காது. யார் யாரோடு இருந்தார்கள் என்ற பட்டியல் இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்தான் பலன்.

கோழியும் பாலும் கிழக்கிலிருந்து மேற்கே போகின்றன என்றால், மேற்கிலிருந்து கிழக்கே குப்பை வருகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் கேரளத்தில் இருப்பவன் கேரளத்தின் குறையை மறைத்தது போலாகும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கொடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கேரள ஆஸ்பத்திரிக் கழிவுகளைக் கொட்டியிருந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கண்டித்தபிறகு கேரள அரசு லாரிகளை அனுப்பித் திரும்ப எடுத்துப்போனது. 2016ஆம் வருட மருத்துவக் கழிவு விதிகளின்படி ஆஸ்பத்திரிக் கழிவுக்கு வகைக்கேற்ற நிறப் பை அல்லது பெட்டி, அதில் பார்கோடு; ரத்தம் தோய்ந்த பஞ்சு, உறுப்புக் கழிவு போன்றவற்றைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இதைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கழிவை உண்டாக்குவது சுகாதாரத் துறையின் கீழ் வரும் ஆஸ்பத்திரி. ஏற்றிப்போவது ஒப்பந்தக்காரரின் லாரி, அதைப் பிடிக்க வேண்டியது போலீஸும் மோட்டார் வாகனத் துறையும். கடைசியில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் மாடு மேய்க்கப் போன ஊர்க்காரர்.

இனி பிளாச்சிமடை. எங்கள் சித்தூர் தாலூக்கா, பெருமாட்டி பஞ்சாயத்து.

2000இல் அங்கே கோகோ கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. தொழில் துறை வரவேற்ற ஆலை, பஞ்சாயத்தும் லைசென்ஸ் கொடுத்தது. கொஞ்ச காலத்தில் சுற்றிலும் இருந்த கிணறுகளில் தண்ணீர் இறங்கியது, இருந்த தண்ணீரும் வாயில் வைக்க முடியாதபடி ஆனது. அந்தத் தண்ணீரில் வடித்த சோறு சீக்கிரம் கெட்டது, குளித்தால் தோல் அரித்தது என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். ஆலையிலிருந்து வந்த சேற்றை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அதில் காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் இருந்தது 2003இல் வெளிவந்தது. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. முன்னால் நின்றவர் எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா. 2007இல் அவர் இறந்துபோனார்.

2003இல் பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. மாநிலத்தில் எத்தனையோ பெரிய துறைகள் இருக்க, முதலில் 'வேண்டாம்' என்று எழுதிய அரசு அலுவலகம் ஒரு கிராமப் பஞ்சாயத்து. நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று அந்த டிசம்பரில் ஹைகோர்ட்டின் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2005இல் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு நாளுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஆனால் ஆலை 2004 மார்ச்சிலேயே நின்றுவிட்டிருந்தது, பிறகு திறக்கவே இல்லை. 2010இல் அரசு அமைத்த உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2011இல் நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைச் சட்டசபை நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்தக் கிணற்றடியில் குடம் வைத்து நின்றவர்களுக்குப் பணம் வந்து சேரவில்லை.

எனக்கு மனதில் நிற்பது இதுதான்: தொழில் துறை, நிலத்தடி நீர்த் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று எல்லாருடைய மேசையிலும் இந்த ஆலையின் ஒரு துண்டுக் காகிதம் இருந்திருக்கும். ஒவ்வொருவரும் தங்கள் துண்டைத்தான் பார்த்தார்கள். குடத்துத் தண்ணீரை முழுதாகப் பார்த்தவர்கள் அதைக் குடித்தவர்கள்தான்.

எக்சைஸ் துறையையும் சுகாதாரக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. சித்தூர்த் தோப்புகளிலிருந்து கேரளம் முழுவதும் கள்ளு போகிறது. அதில் என்ன கலக்கிறார்கள் என்று சோதிப்பது அவர்கள் வேலை. 2020 அக்டோபரில் வாளையாறு பக்கம் செல்லங்காவு பழங்குடிக் குடியிருப்பில் விஷ மது குடித்து ஐந்து பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் எவ்வளவு நல்ல டாக்டர் இருந்தாலும் அந்த இரவுக்கு முன்னால் ஸ்பிரிட்டைத் தடுத்திருக்க வேண்டியது வேறு துறை.

எங்கள் மாவட்டத்துப் பழங்குடி மலைப் பகுதியான அட்டப்பாடியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். 2013இல் அங்கே இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது முதலில் கூடுதல் டாக்டர்களை அனுப்பினார்கள். தேவைதான். ஆனால் அந்தத் தாய்மார்களின் ரத்தசோகை ஒரு நாளில் வந்ததில்லை. ராகியும் சாமையும் தினையும் விளைந்த நிலம் கைமாறிப் போனது, அது வருவாய்த் துறையின் விஷயம். காட்டுக்குள் போக்குவரத்து குறைந்தது, அது வனத்துறை. பிறகு சாப்பாடு ரேஷன் அரிசியாக மாறியது, அது சிவில் சப்ளைஸ். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துணவு இன்னொரு துறை. குடும்பஸ்ரீ மூலம் ஊர்ச் சமையலறைகள் வந்ததும், விவசாயத் துறை சிறுதானியத்தைத் திரும்ப விதைக்க வைத்ததும்தான் அந்த நோயின் வேர்ப் பக்கம் போன மருந்துகள். பிரசவச் சிக்கல் என்றால் இன்றும் பலர் மலையிறங்கி ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூர்தான் போகிறார்கள். அங்கேயும் தாயின் கணக்கு இரண்டு மாநிலமாகப் பிரிகிறது.

மொழியையும் விட முடியவில்லை. எங்கள் பக்கம் நோய் எச்சரிக்கை நோட்டீஸ் பெரும்பாலும் மலையாளத்தில் மட்டும் வருகிறது. இளவட்டங்கள் படித்துவிடுவார்கள். அம்மா வயதுக்காரர்கள் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள், பலர் பள்ளிக்கே போகாதவர்கள். கேரளத்தின் 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் எழுதலாம் என்றது. கடிதத்துக்கு இருக்கும் அந்த உரிமை, எலிக்காய்ச்சல் நோட்டீஸுக்கும் வேண்டும். வயலில் இறங்குமுன் என்ன மாத்திரை, யாரிடம் வாங்குவது என்பதைப் படிக்க முடியாமல் ஒருவர் நோயில் விழுந்தால், அதற்கு அச்சகத்தில் ஓர் ஆள் தமிழ் எழுதாததும் காரணம். ஆஷா அக்காக்கள் வாயால் சொல்லித்தான் இந்த ஓட்டையை அடைக்கிறார்கள்.

அந்த ஆடிக் காய்ச்சலுக்குப் பிறகு வார்டு சுகாதாரக் குழுக் கூட்டத்துக்கு நானும் போக ஆரம்பித்தேன். முதல் கூட்டத்திலேயே, கிழக்கே சிகிச்சைக்குப் போகிறவர்களின் தகவல் நமக்கு எப்படி வரும் என்று கேட்டேன். ஹெல்த் இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். அவர் என்ன செய்தார் என்றால், எந்தச் சுற்றறிக்கைக்கும் காத்திருக்காமல், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நாள் பைக்கில் போய், அங்கே உள்ள சுகாதார ஆய்வாளரைப் பார்த்து, நம்பரை வாங்கிக்கொண்டு வந்தார். தன் நம்பரையும் கொடுத்தார். இரண்டு பேருமாக ஒரு வாட்ஸாப் குழு வைத்தார்கள். இரண்டு பக்கத்துக் கிராம நர்ஸுகளும் ஆஷாக்களும் அதில் இருக்கிறார்கள். தகவல் அனுப்பும் மொழி தமிழும் மலையாளமும் கலந்தது. நோயாளியின் பெயரைப் போடுவதில்லை. ஊர், வார்டு, காய்ச்சல் தொடங்கிய தேதி மட்டும்.

போன மழைக்காலம் எங்கள் பக்கத்து வார்டுக்காரர் ஒருவர் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிளினிக்கில் டெங்குவோடு சேர்ந்தார். அன்று சாயங்காலமே குழுவில் தகவல் வந்தது. மறுநாள் காலை ஏழரை மணிக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டரும் இரண்டு ஆஷாக்களும் அந்தத் தெருவில் இருந்தார்கள். டயரை அடுக்கிவைத்திருந்த பஞ்சர் கடைக்குப் பஞ்சாயத்திலிருந்து நோட்டீஸ் போனது. அடுத்த வீட்டுக்குக் காய்ச்சல் போகவில்லை.

டிரம்முகளை மட்டும் கவிழ்க்கச் சொல்ல அவர்களால் முடியவில்லை. பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, வாயைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டு டிரம்மிலும் அம்மா அப்படித்தான் கட்டிவைத்திருக்கிறார். எங்கள் குழாயில் தண்ணீர் இப்போதும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறது.